அறுபத்து மூன்றாவது கோப்பு

கிழக்குக் கரையோரம் ஒரு விமானப்படைத் தளம். அங்கே பாராசூட் மடிக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. வானத்தில் இன்னதென்று தெரியாத எதையாவது ஒரு விமானி கண்டாலும் சரி, ரேடார் திரையில் பெயரில்லாத புள்ளி தோன்றினாலும் சரி, அதை விசாரிப்பது அந்த அறையின் வேலை.

அறைக்குத் தலைவி விங் கமாண்டர் எப்சிபா. ரேடாரில் பதினைந்து வருடம் பழகியவர். அவருக்குக் கீழே ஸ்குவாட்ரன் லீடர் தீர்த்தகிரி. ஒரு காலத்தில் போர் விமானம் ஓட்டியவர். தீப்பிடித்த விமானத்திலிருந்து குதித்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இனி பறக்கக் கூடாது என்று தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். தளத்தில் இருவரையும் குரு, சீடர் என்றே சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சீடருக்குக் குருவைவிட ஏழு வயது அதிகம்.

தீர்த்தகிரிக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பறக்க முடியாத மனிதருக்கும் பெருமைப்பட ஏதாவது வேண்டும் அல்லவா? அவருக்கு அது சுவரில் இருந்தது. நான்கு வருடத்தில் வந்த கோப்புகள் அறுபத்திரண்டு. விடை கண்டவையும் அறுபத்திரண்டு. வெள்ளிக் கிரகம், வானிலைப் பலூன், கொக்குக் கூட்டம், வெக்கையில் கடல்மேல் ரேடார் காட்டும் பொய்ப்புள்ளி என்று ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார். யாராவது பார்க்க வந்தால் டீ வருவதற்கு முன் அட்டையைக் காட்டிவிடுவார்.

"மேடம், இதுவரைக்கும் ஒரு ஃபைல்கூட நம்மகிட்ட இருந்து தப்பிக்கல. பெருமைதானே?" என்று கேட்பார்.

"பாப்போம்" என்பார் எப்சிபா. நான்கு வருடமாக அதே பதில்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறுபத்து மூன்றாவது கோப்பு வந்தது. கூடவே அதற்குரிய விமானியும் வந்தார். ஃபிளைட் லெஃப்டினன்ட் நஃபீசா. கடலோரக் கண்காணிப்பு விமானம் ஓட்டுபவர்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரிடம் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுப்பார்கள். பார்த்ததை வரைய வேண்டும். அழிக்க ரப்பர் தரமாட்டார்கள்.

நஃபீசா ஒரே நிமிடத்தில் வரைந்துவிட்டார். விமானத்தின் மூக்குக்கு இடப்பக்கம், அதே உயரத்தில், கொஞ்சம் தட்டையாக ஒரு வெளிச்சம்.

"ஆரஞ்சு நிறம் சார். பன்னண்டாயிரம் அடி. நேரா எங்களைப் பாத்து வந்துச்சு. மோதிடும்னு நெனச்சு வலது பக்கமா ஒரே திருப்பா திருப்பிட்டேன்."

அந்தத் திருப்பலில் பின்னால் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த வீரர் ஒருவர் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. கடலோர ரேடாரிலும் அதே நேரத்தில், அதே இடத்தில் ஒரு புள்ளி இருந்திருக்கிறது. ரேடார் பதினோரு சுற்றுச் சுற்றும்வரை தெரிந்து மறைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. வந்தது மோதக்கூடிய ஒன்றுதான் என்றால் அவர் திருப்பியது சரி. சும்மா எதையோ பார்த்து மிரண்டுபோய்த் திருப்பினார் என்றால் நஃபீசாவுக்கு இனி விமானி இருக்கை கிடையாது. எது என்று அந்த அறைதான் சொல்ல வேண்டும். குழு அதற்காகவே காத்திருந்தது.

தீர்த்தகிரி அன்று மாலைக்குள் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

விமானியின் அறிக்கையில் பதினான்காம் தேதி, 23:40 என்று இருந்தது. அது ஜூலு நேரம். உலகத்து விமானிகள் எல்லாரும் எந்த நாட்டில் பறந்தாலும் லண்டனின் கடிகாரத்தைத்தான் எழுதுவார்கள். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். தீர்த்தகிரி அதைத் தூக்கத்தில்கூடக் கூட்டுவார். கூட்டினால் விடிகாலை ஐந்து பத்து.

பக்கத்து ஊர் வானிலை நிலையத்துக்கு போன் போட்டார்.

"பதினாலாம் தேதி காலையில பலூன் விட்டீங்களா?"

"விட்டோம் சார். நாலு அம்பதுக்கு. இருட்டுங்கறதால விளக்கு கட்டித்தான் விட்டோம்."

காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். கடல் பக்கம் என்றார்கள். உயரம், தூரம், நேரம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'பலூன், மோதினாலும் ஆபத்தில்லை' என்று எழுதி, மறுநாள் காலை முதல் வேலையாகக் குழுவின் எழுத்தரிடம் ஒரு பிரதியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மெஸ்ஸில் நஃபீசாவுக்குப் 'பலூன் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது காதில் விழுந்ததும் தீர்த்தகிரிக்கு மனசு கேட்கவில்லை. நஃபீசாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"நானும் பைலட்தான்மா. சொல்றதைக் கேளு. 'பார்வைப் பிழையாக இருக்கலாம்'னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

நஃபீசா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"சார், உங்க விமானம் எரியுதுன்னு நீங்க குதிச்சீங்க. 'எரிஞ்ச மாதிரி தெரிஞ்சுது'ன்னு எழுதுங்கன்னு யாராவது சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான் சார். பாத்ததைப் பாத்தேன்னுதான் சொல்லுவேன். பைலட் சீட்டு போனா போகட்டும்."

சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று தீர்த்தகிரிக்குக் கோபம் வந்தது. கூடவே, இவளும் நம்ம ஜாதிதான், பறக்கிற ஜாதி என்று ஒரு பெருமையும் வந்து தொலைத்தது.

அந்த நேரம் பார்த்து எப்சிபா கோப்பைப் புரட்டினார்.

"பலூன் விட்டதுக்கு அத்தாட்சிச் சீட்டு எங்க?"

"போன்ல கேட்டுட்டேன் மேடம்."

"போன்ல நீங்க கேட்டீங்க. நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போட? சீட்டைக் கையோட வாங்கிட்டு வாங்க."

"நாப்பது கிலோமீட்டர் மேடம். காப்பி வேற குழுவுக்குப் போயாச்சு."

"போயாச்சா? அப்போ இன்னும் சீக்கிரமாப் போங்க."

மொட்டை வெயிலில் ஜீப் கிளம்பியது. ஒவ்வொரு குழிக்கும் முதுகு ஒரு பாட்டுப் பாடியது. நாற்பது கிலோமீட்டரும் அவர் மனதுக்குள் குருவைத் திட்டிக்கொண்டே போனார்.

வானிலை நிலையத்தில் கோதண்டம் என்பவர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். தினமும் பலூன் விடுகிறவர் அவர்தான். பதினான்காம் தேதி, நாலு ஐம்பது, விடப்பட்டது. சீட்டும் எழுதிக் கொடுத்தார். தீர்த்தகிரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு சார் உங்க விமானம் அங்க வந்துது?" என்று சும்மா கேட்டார் கோதண்டம்.

தீர்த்தகிரி அறிக்கையை நீட்டினார்.

கோதண்டம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது ஜூலு ஆச்சே சார். நாங்களும் மேலே அனுப்புற அறிக்கையை அதுலதான் எழுதுவோம், பதிவேட்டுல மட்டும் நம்ம நேரம். பதினாலு, இருபத்து மூணு நாப்பதுன்னா நமக்குப் பதினஞ்சாம் தேதி காலையில்ல?"

தீர்த்தகிரி முகத்தில் ஈயாடவில்லை. மணியை ஐந்தரை கூட்டினார், சரிதான். கூட்டினதில் நடுராத்திரி தாண்டிவிட்டது. தேதியை மட்டும் தாண்டவிடாமல் பதினாலிலேயே நிறுத்திவிட்டார். பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் அது.

பதிவேட்டில் அடுத்த வரியைப் பார்த்தார். பதினைந்தாம் தேதி. ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது. பலூன் விடவில்லை.

"அதுக்கும் ஒரு சீட்டு குடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பையில் இரண்டு சீட்டு. முதல் சீட்டை மட்டும் நீட்டினால் போதும். தேதியும் நேரமும் பொருந்தும், மேடம் கையெழுத்துப் போடுவார், யாரும் இன்னொரு முறை கூட்டிப் பார்க்கப்போவதில்லை. சுவரில் அட்டையும் அப்படியே இருக்கும். இதையெல்லாம் நினைக்காமல் வந்தார் என்று சொன்னால் அது பொய். நினைத்தார். கால்வாசி தூரம் நினைத்தார். பிறகு, எரிந்த மாதிரி தெரிந்தது என்று எழுதியிருப்பீர்களா என்று ஒருத்தி கேட்டது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஜீப்பை வேகமாக ஓட்டச் சொன்னார்.

இரண்டு சீட்டையும் எப்சிபாவின் மேசையில் வைத்தார்.

"தப்பு பண்ணிட்டேன் மேடம். தேதியை மாத்தாம விட்டுட்டேன். அன்னைக்குப் பலூனே விடல."

எப்சிபா இரண்டையும் படித்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

"சரி. அப்போ அது என்ன?"

வியாழக்கிழமை முழுக்க தீர்த்தகிரி தலைகீழாக நின்று பார்த்தார். வெள்ளிக் கிரகமா? அந்த மாதம் அது சாயங்காலத்தில்தான் தெரிந்தது. கப்பல் விளக்கா? பன்னிரண்டாயிரம் அடியில் ஏது கப்பல்? வேறு விமானம் எதுவும் அந்தப் பக்கம் பறக்கவில்லை. செயற்கைக்கோளும் இல்லை. ரேடாரின் பொய்ப்புள்ளி என்றால் அது விமானியின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? எதை எடுத்து வைத்தாலும் ஏதோ ஒரு பக்கம் இடித்தது.

சாயங்காலம் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். 'போதிய தகவல் இல்லாததால் முடிவு கூற இயலவில்லை.'

எப்சிபா படித்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை வரைஞ்ச படம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ரேடார் பதிவு?"

"பதினோரு சுத்தும் இருக்கு."

"விமானத்துல பேசின டேப்பு?"

"இருக்கு."

"வானிலைச் சீட்டு?"

"அதான் ரெண்டு இருக்கே."

"பெறகு எந்தத் தகவல் போதலன்னு சொல்லுதீங்க?"

தீர்த்தகிரி தான் எழுதிய வரியை எட்டிப் பார்த்தார்.

"அவ கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துட்டா. போதாம இருக்கது நமக்கு."

சிவப்புப் பேனாவால் அந்த வரியைக் குறுக்காக ஒரு கோடு போட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார். தீர்த்தகிரி வெகுநேரம் உட்கார்ந்திருந்து, அதன் கீழே வேறு மூன்று வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். எப்சிபாவும் போட்டார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மேசைக்குப் பின்னால் ஐந்து அதிகாரிகள். சுவரோரம் நஃபீசா. தீர்த்தகிரிக்கு முதுகு வலியால் உட்கார்ந்து பேச அனுமதி உண்டு. அன்றைக்கு நின்றார்.

முதலில் தன் தப்பைச் சொன்னார். தேதியை மறந்ததை, பலூன் என்று அவசரப்பட்டு எழுதியதை, அதனால் ஒரு விமானிக்குக் கெட்ட பெயர் வந்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னார். ஐந்து பேரில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். பிறகு அந்த மூன்று வரியை வாசித்தார்.

"ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பொருளை விமானியும் ரேடாரும் கண்டிருக்கிறார்கள். அது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. விமானியின் சாட்சியத்தில் பிழை இல்லை."

குழுத் தலைவருக்கு எரிச்சல்.

"நாலு வருஷமா இதுக்குன்னே ஒரு அறை நடத்துறீங்க. அது என்னன்னு உங்களால சொல்ல முடியலையா?"

"முடியல சார்."

"அப்போ இவங்க திருப்பினது சரின்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் மூணு நாளா உக்காந்து பாத்தேன் சார். எனக்கே அது என்னன்னு தெரியல. முடிவெடுக்க அவங்களுக்கு இருந்தது மூணு வினாடி. அந்த சீட்டுல நான் இருந்திருந்தா நானும் திருப்பியிருப்பேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. நஃபீசா பறக்கலாம்.

வெளியே வராந்தாவில் நஃபீசா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். தீர்த்தகிரியும் வைத்தார். பதக்கம் குத்திய அன்றுகூட அவர் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஓடுபாதை ஓரமாகக் குருவும் சீடரும் அறைக்கு நடந்தார்கள். பாதி வழியில் தீர்த்தகிரிக்குப் பழைய கவலை திரும்பவும் வந்தது.

"மேடம்."

"சொல்லுங்க."

"இத்தனை நாள் எது வந்தாலும் 'இது இன்னது'ன்னு சொல்லிட்டிருந்தோம். இன்னைக்கு அஞ்சு பேர் முன்னாடி தெரியலன்னு சொல்லிட்டோம். இனிமே நாம சொல்றதை யார் மேடம் நம்புவாங்க?"

எப்சிபா நடையை நிறுத்தவில்லை.

"இனிமேதான் நம்புவாங்க."