ஓட்டுக்குள் வைத்த கடை

ஒரு காட்டில் பொன்னுரங்கம் என்றோர் ஆமை நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தது. எந்த மரத்தடியில் கடை என்று தேடாதீர்கள், குழந்தைகளே. அதன் முதுகு ஓட்டுக்குள்ளேயேதான் கடை.

அதற்கு முன்பு அது ஆற்றங்கரையில் ஒரு நீர்நாயிடம் மூட்டை சுமந்துகொண்டிருந்தது. நீர்நாய் முசுடுதான். ஆனாலும் உச்சி வெயில் ஏறிவிட்டால், "போதும், போய்ப் படு" என்று அனுப்பிவிடும். ஒருநாள் அது ஏதோ திட்டிவிட்டது. பொன்னுரங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன். எனக்கு நானே முதலாளி!" என்று மனைவி செங்கமலத்திடம் சொன்னது.

"நல்லதுங்க. கடையை எங்க போடப்போறீங்க?"

"வேற எங்க? ஓட்டுக்குள்ளதான். வாடகை மிச்சம். வீட்டுல இருந்த மாதிரியும் ஆச்சு, வியாபாரம் பார்த்த மாதிரியும் ஆச்சு."

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்வார்கள். ஆமைமேல் வீண்பழி. இங்கே ஆமையின் வீட்டுக்குள் அல்லவா கடை புகுந்தது!

சுக்கும் திப்பிலியும் ஜாதிக்காயும் ஓட்டுக்குள் ஏறின. காடு முழுவதும் வாடிக்கை பிடித்துக்கொண்டது. முயல் விடியும் முன்னே வந்து ஓட்டைத் தட்டும். குரங்கு சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தட்டும். தட்டினால் போதும், பொன்னுரங்கம் தலையை நீட்டி, "வாங்க, வாங்க" என்னும். தனக்குத் தானே முதலாளி என்று கிளம்பிய ஆமைக்கு இப்போது ஓட்டைத் தட்டிய அத்தனை பேரும் முதலாளிகள்.

தூக்கம் வரவில்லை என்று வந்த மானுக்கு ஜாதிக்காய் கொடுக்கும். கொடுத்துவிட்டு, தான் தூங்கிப் பத்து நாளான கண்களைக் கசக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடும்.

மற்ற ஆமைகள் உச்சி வெயிலில் புதருக்குள் போய், தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும்.

"சோம்பேறிக் கழுதைங்க" என்று பொன்னுரங்கம் அவற்றைப் பார்த்துச் சிரிக்கும்.

அதே காட்டில் ஒரு நரி இருந்தது. ஆமைக்கறி என்றால் அதற்கு உயிர். ஆனால் பக்கத்தில் போனாலே ஆமைகள் தலையை இழுத்துக்கொள்கின்றனவே! ஓட்டைக் கடித்துப் பார்த்ததில் இரண்டு பல் போனதுதான் மிச்சம். நரி தூரத்தில் நின்று பொன்னுரங்கத்தின் வியாபாரத்தை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் வந்து மரியாதையாக ஓட்டைத் தட்டியது.

நரியைக் கண்டதும் பொன்னுரங்கம் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்போது உள்ளே இடம் இருந்தது.

"அட, பயப்படாதீங்க முதலாளி! சரக்கு வாங்கத்தான் வந்தேன்" என்றது நரி.

முதலாளி என்ற சொல் காதில் விழுந்ததும் மூக்கு மெல்ல வெளியே வந்தது.

"என்ன வேணும்?"

"கடுக்காய் ரெண்டு மூட்டை. எங்க கூட்டத்துக்கே வயிறு சரியில்லை. பௌர்ணமி அன்னைக்கு உச்சிப்பொழுதுல வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் உள்ளயே வெச்சிருங்க. வெளிய வெச்சா ஈரம் ஏறிடும்."

இரண்டு மூட்டை! பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நரி வந்து, "சுக்கு ஒரு மூட்டை சேர்த்துக்குங்க" என்றது. அதற்கடுத்த நாள் திப்பிலி ஒரு மூட்டை. ஒவ்வொன்றாக உள்ளே திணிக்கத் திணிக்க, முதலில் பொன்னுரங்கத்தின் வால் வெளியே வந்தது. பிறகு பின்னங்கால்கள். கடைசி மூட்டையை அமுக்கியபோது கழுத்து முழுவதும் வெளியே நின்றது.

செங்கமலம் பதறிப்போனது.

"ஏங்க, நரிக்கு எதுக்குங்க இவ்வளவு கடுக்காய்?"

"வாடிக்கைக்காரங்ககிட்ட காரணம் கேக்கறதா? விளங்கும் வியாபாரம்!"

"சரி, ஏதாவது ஆபத்துன்னா தலையை எங்க இழுத்துப்பீங்க?"

"இருக்கற வேலையில தலையை இழுக்க எனக்கு எங்கடி நேரம்?"

பௌர்ணமி வந்தது. காலையிலேயே செங்கமலம் மணல்திட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தது. ஆமையால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடிவந்தது.

"ஏங்க! நம்ம முட்டையெல்லாம் பொரியப்போகுதுங்க. மணலுக்குள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க."

"இன்னைக்கா? பெரிய ஆர்டர் இன்னைக்குத்தானே! குஞ்சுங்க எங்க போயிடப் போகுதுங்க? நாளைக்குப் பார்த்துக்கறேன்."

"பிறக்கறதை நாளைக்குப் பார்க்க முடியுமா?"

"இதெல்லாம் யாருக்காகச் செய்யறேன்? உனக்கும் பிள்ளைங்களுக்கும்தானே!"

செங்கமலத்துக்கு அழுகை வந்துவிட்டது. அது தனியாகத் திரும்பிப் போனது.

உச்சிப்பொழுதில் நரி வந்தது. மற்ற ஆமைகள் எல்லாம் புதருக்குள் அடங்கிவிட்டன. நரியின் கையில் ஒன்றும் இல்லை.

"சாக்கு கொண்டு வரலையா? சரக்கை எப்படி எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டது பொன்னுரங்கம்.

"எடுத்துட்டுப் போகலை முதலாளி. இங்கயே சாப்பிட்டுடறேன்" என்றது நரி, கழுத்தைப் பார்த்துக்கொண்டே.

பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை இழுத்தது. கடுக்காய் மூட்டை இடித்தது. பலம்கொண்ட மட்டும் மறுபடி இழுத்தது. சுக்கு மூட்டை இடித்தது.

"நரியண்ணே! கடை... கடை மூடியாச்சு!"

"அடடா! ஒருநாளும் மூடாத கடை, நான் வந்த நேரமா பார்த்து மூடணும்?" என்றது நரி.

அதற்குமேல் நரி பேசவில்லை. அதன் வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது.

சாயங்காலம் செங்கமலம் ஏழு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. "அப்பாவுக்கு நேரமில்லை. நாமளே போய் அவரைப் பார்ப்போம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது.

கடையில் முயலும் குரங்கும் மானும் பின்பக்கம் நின்று ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. முன்பக்கம் வந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எவ்வளவு நேரமா தட்டறேன், சத்தமே இல்லையே!" என்றது முயல்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டான். வியாபாரத்துல ஒரு பொறுப்பு வேணாமா?" என்றது குரங்கு.

"வாங்க, முள்ளம்பன்றி கடைக்குப் போவோம். மத்தியானம் மூடினாலும் சாயங்காலம் சொன்ன நேரத்துக்குத் திறந்துடும்" என்றது மான்.

மூன்றும் போய்விட்டன. செங்கமலம் முன்பக்கம் போய்ப் பார்த்தது. பார்த்ததும் குஞ்சுகளைத் தன் பின்னால் தள்ளி மறைத்தது.

"எல்லாரும் தலையை உள்ள இழுங்க."

"ஏம்மா?" என்றது ஒரு குஞ்சு.

"மொதல்ல இதைக் கத்துக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

நீதி: வாடிக்கைக்காரருக்கு அடுத்த கடை உண்டு, கடைக்காரருக்கு அடுத்த தலை இல்லை.