துண்டுக்குள் கிடந்த விலை

கொன்றையூர் என்று ஒரு நாடு இருந்த காலம். அதை ஆண்டவர் விசயமாறன். நினைத்த நேரத்தில் சட்டம் போடுகிற ராஜா. அவருடைய மந்திரி வேலாண்டார், சந்தையில் மாட்டுத்தரகு பார்த்து, ஏமாந்து, அடிபட்டு மேலே வந்தவர். கோபம் மூக்குமேல் இருக்கும். தரகனுக்கு மந்திரிப் பதவியா என்று வயிறெரிந்துகொண்டிருந்தவர் பொக்கிஷ அதிகாரி சொக்கநயினார்.

ராஜாவுக்குப் புது அரண்மனை கட்ட ஆசை வந்தது. வெள்ளி போதவில்லை. காசில் பாதிக்குமேல் செம்பைக் கலந்துவிடலாம் என்றார் நயினார்.

"தங்கள் முகம் பதித்த காசை எவன் உரசிப் பார்ப்பான், மகாராஜா?"

உண்மைதான். அந்த நாட்டில் ராஜாவின் காசை உரசுவது, அவர் முகத்தில் அறைவதற்குச் சமம். வேலாண்டார் "இது உருப்படாது" என்று ஒரே வார்த்தை சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார்.

புதுக்காசு வந்தது. விலை கூட்டிச் சொன்னால் சவுக்கடி என்று முரசறைந்தார்கள். யாரும் கூட்டவில்லை, அரிசிக்கடையில் படிதான் சிறுத்துக்கொண்டே போனது. பழைய காசெல்லாம் மண்ணுக்குள்ளும் கொலுசுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. கூலிக்காரன் கையில் செம்புதான் மிச்சம்.

வேலாண்டார் மறுபடி சபைக்கு வந்து முறையிட்டார். நயினார் சிரித்தார்.

"விலை கூட்டிச் சொன்ன ஒருத்தனைக் காட்டும். இல்லையென்றால் பதவியை வைத்துவிட்டுப் பழையபடி மாடு பிடிக்கப் போம்."

ராஜாவும் தலையாட்டினார்.

"எவனும் வாயால் சொல்லமாட்டான், மகாராஜா. உங்கள் கையைக் கொஞ்சம் கடன் கொடுங்கள்" என்றார் வேலாண்டார்.

மாட்டுச்சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கைமேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலுக்குப் பத்துக் காசு. குடியானவன் வேடத்தில் வந்த ராஜாவின் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, அவர் கையைத் தரகன் சடையனிடம் கொடுத்தார் மந்திரி. ஒரு மாட்டைக் காட்டிப் பழைய காசில் என்ன விலை என்று கேட்டதும், சடையன் இரண்டு விரலைப் பிடித்தான். புதுக்காசு என்றதும் ஐந்து விரலையும் பிடித்தான். போதாமல், கட்டை விரலை இன்னொரு தடவை அழுத்தினான். வாய் மட்டும், "ராஜா காசு எல்லாம் ஒண்ணுதானே, சாமி" என்றது.

துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. "என் முகத்துக்கு இவ்வளவுதான் மதிப்பா, வேலாண்டாரே?" என்று கேட்டார் ராஜா.

மறுநாள் செம்புக்காசு உலைக்குப் போனது. கொஞ்சத்தை மட்டும் எடுத்து வைத்து, நயினாருக்கு ஆயுள் முழுக்க அதிலேயே சம்பளம் என்று உத்தரவானது. மந்திரி கழுத்தில் முத்துமாலை விழுந்தது. சுத்த வெள்ளியில் காசு அடித்தார்கள்.

அடுத்த பங்குனியில் அந்த வெள்ளியோடு வேலாண்டார் மாடு வாங்கச் சந்தைக்குப் போனார். சடையன் துண்டுக்குள் இரண்டு விரலைப் பிடித்தான். பிறகு மூன்றாவது விரலையும் பிடித்தான்.

"சுத்த வெள்ளிடா! உரசிப் பாரு" என்று சீறினார் மந்திரி.

"உரசிட்டேனுங்க. நல்ல காசுதான். நாளைக்கு என்னத்தைக் கலப்பீங்களோ, அதுக்குத்தான் இந்த ஒரு விரல்."

பேரம் பேச வாயெடுத்தவருக்கு, செம்பு கலக்கப் பேசிய அன்றைய சபை நினைவுக்கு வந்தது. நொண்டி மாட்டுக்கு அரைக்காசு குறைக்கப் பொழுது சாயும்வரை மல்லுக்கு நின்றவர், நாட்டின் காசைப் பேசிய அன்று ஒரே வார்த்தையோடு துண்டை உதறிப் போயிருந்தார்.

மூன்று விரலுக்கும் காசை எண்ணிக் கொடுத்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.