கழுவிய கற்கள்

"நாப்பது வருஷம் வீணாப் போச்சு சாமி."

இப்படிச் சொல்லிக்கொண்டு குன்றடி மடத்தில் வந்து உட்கார்ந்தவர் தெய்வசிகாமணி. இரண்டு அரிசி ஆலைக்குச் சொந்தக்காரர். ஆனால் ஊருக்கு அவர் கல்லு முதலாளிதான். ஆதிமனிதன் செதுக்கிய கல் கண்ணில் பட்டால் போதும், காரை நிறுத்திப் பொறுக்கிவிடுவார். மாடி முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதற்குள் மூவாயிரம் கல்.

சாமியார் அவரைவிட இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஆராய்ச்சி பண்ற அம்மா ஒருத்தங்க வந்து பாத்தாங்க. எந்தக் கல்லு எந்த எடத்துல, எந்த மண்ணுக்குள்ள கெடந்துச்சுன்னு கேட்டாங்க. நான் எழுதி வைக்கலே. கழுவி, அழகு பாத்து அடுக்கிட்டேன். ஒட்டியிருந்த மண்ணும் போச்சு. இனிமே இதுங்க எந்தக் காலத்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். உங்ககிட்ட கல்லு இருக்கு, அதச் செதுக்குன மனுசன் இல்லேன்னுட்டாங்க."

"ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களா?"

பட்டுத் துணியைப் பிரித்து ஒரு கற்கோடாரியை நீட்டினார். சாமியார் கை நீட்டவில்லை.

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வாங்க."

மூன்று நாள் வெயிலில், காட்டுக்குள் இருக்கும் செம்மண் ஓடைகளில் அலைந்தார். எல்லா ஓடையும் ஒரே மாதிரி இருந்தது. நான்காம் நாள் கல்லோடு திரும்பி வந்தார். பாவம், ஆள் பாதியாகியிருந்தார்.

"எடம் தெரியலே சாமி."

சாமியார் அன்றும் கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சரி. இதையெல்லாம் யார் கழுவினது?"

"என் சம்சாரம், சௌந்தரவல்லி. ஊற வெச்சு, நார் போட்டுத் தேய்ப்பா. அவ கை படாத கல்லு ஒண்ணுகூட இல்லே. போன தையில போய்ச் சேந்துட்டா."

"எங்க உக்காந்து கழுவுவாங்க?"

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார். கிணற்றடியா? கொல்லைப் படியா? மாடிக் குழாயா? கழுவிய கல் மேசைக்கு வரும். எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.



வீட்டுக்கு வந்ததும் சமையல்காரி அஞ்சலையிடம் கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இதென்னங்கய்யா கேள்வி? மாதுளைக்குப் பின்னாடிதான். எத்தினி வருசமா."

போனார். கொல்லை முழுக்க வெளுத்த ஆற்றுமணல். மாதுளைக்குப் பின்னால் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் மேடு. மூவாயிரம் கல்லிலிருந்தும் சௌந்தரவல்லி கழுவிவிட்ட மண்.

ஒரு பக்கம் மழையில் சரிந்திருந்தது. சரிவில் அடுக்கடுக்காக வரி தெரிந்தது. நடு அடுக்கில் ஒரு பச்சை வளையல் துண்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் எந்த வருஷம் பச்சை வளையல் போட்டிருந்தாள்? அவருக்குத் தெரியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பழக்கத்தில் கை நீண்டது.

தொடுவதற்கு முன்னால் நின்றது.