பிரிக்காத கவர்

அன்றைக்கு அது ஒன்பதாவது வண்டி. இடுப்பு விட்டுப்போய் டயரில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் மூக்கையா, ஓய்வுபெற்ற தாசில்தார் கனகசபாபதியின் காரைக் கண்டதும் பெருமூச்சு விட்டான்.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஏற்றினால் நிற்காமல் கதவுக்குள் இறங்கிவிடுகிறது. பவர் விண்டோ மெஷினையே மாற்ற வேண்டும்.

"மாத்து. ஆனா கதவுல கம்பெனி போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கக் கூடாது. நாலு வருஷமா ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன். கிழிஞ்சுது, உன் ஷெட்டு புறம்போக்குல நிக்குதுன்னு தாலுகா ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருவேன்."

மெஷின் இருப்பதே அந்தக் கவருக்குப் பின்னால்தான். மூக்கையாவுக்கு வாதாடத் தெம்பில்லை.

"சரிங்க சார். வேற ஆள் உள்ள உட்கார்ந்தா கை பட்டுக் கதவுக் கவர் கசங்கிரும். நீங்களே உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சுக்கோங்க. விட்டா உடைஞ்சிரும்."

பேட்டரியைக் கழற்றியாயிற்று, ஏ.சி. இல்லை. சித்திரை வெயில். கால் மணி நேரத்தில் தாசில்தார் வெந்துபோனார்.

"அங்க டயர்ல உட்கார்ந்து என்னய்யா பண்றே?"

"கவரைப் பிரிக்காம உள்ள போக வழி யோசிக்கிறேன் சார். சாயங்காலத்துக்குள்ள சிக்கிரும்."

ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கவரைச் சர்ரென்று கிழித்தார் தாசில்தார். "மாத்தித் தொலைய்யா!"

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கண்ணாடி வெண்ணெயாய் ஏறி இறங்கியது. கிழிந்த கவரை மூக்கையா குப்பையில் போடப் போனான்.

"ஏய், போடாதே! செல்லோ டேப் இருக்கா?"

மூக்கையா மறுபடியும் டயரில் உட்கார்ந்துவிட்டான்.