சேங்கொட்டைப் புகை

விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மந்தியின் முகம் வெள்ளையாக இருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும்கூட அப்போதுதான் உரித்த நுங்கைப் போல இருக்கும். வால் நுனிவரை ஓரிடத்திலும் கறுப்பு கிடையாது. மந்தி என்று இங்கே சொல்வது கடைவீதியில் வாழைப்பழம் பறிக்கும் குரங்கை அல்ல. நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி காட்டு மரங்களில் உட்கார்ந்து இலை தின்னும் மந்தியை.

காட்டில் அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. தோப்பில் விளைவதை அது முதலில் தின்னலாம். அதற்குப் பதிலாக, மற்ற விலங்குகள் தண்ணீருக்குப் போகும் தடத்தை அது அடைபடாமல் வைத்திருக்க வேண்டும். ஓடைக்கரைத் தோப்பு மந்தியின் பொறுப்பில் இருந்தது. மேலே சரிவில் மேயும் புள்ளிமான் அந்தத் தோப்பைக் கடந்துதான் ஓடைக்கு வர வேண்டும். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை.

தோப்பின் நடுவில் ஒரு சேங்கொட்டை மரம் நின்றது. அது முந்திரிக்கு உறவுக்கார மரம். முந்திரியைப் போலவே மேலே பழமும் அதன் அடியில் கொட்டையும் இருக்கும். பழுத்த பழம் இனிக்கும். ஆனால் கொட்டையிலும் பட்டையிலும் தண்டிலும் இருக்கும் பால் பொல்லாதது. தோலில் பட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் அந்த இடம் கறுக்கும். பிறகு கொப்பளிக்கும், அரிக்கும்.

மந்தி பழத்தை மட்டும் பதமாகக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். மழையில் அவை முளைத்தன. சில வருடங்களில் தோப்பின் அடி முழுவதும் சேங்கொட்டைக் கன்றுகளாகி, தடம் மறைந்துவிட்டது. தரையில் கால் வைக்கும் வழக்கம் மந்திக்கு இல்லாததால் அது கவனிக்கவில்லை.

கோடையில் ஒரு காலை புள்ளிமான் வந்து மரத்தடியில் நின்றது. அதன் விலாவில் முடி உதிர்ந்து தோல் கன்றியிருந்தது. வயிறு பெருத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் கீழ பாக்கறியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

"என்னைப் பாக்கச் சொல்லல. தடத்தைப் பாரு. தண்ணி குடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள உடம்பெல்லாம் உன் சேங்கொட்டை உரசுது. நான் எப்படியோ பொறுத்துக்கறேன். குட்டி பொறந்தா அதோட தோல் தாங்காது."

மந்தி எட்டிப் பார்த்தது. மான் சொன்னது சரிதான்.

"எப்போ பொறக்கும்?"

"மழைக்கு முன்னாடியே பொறந்துடும்."

"அதுக்குள்ள எடுத்துடறேன். ஒரு கன்னுகூட இருக்காது. போதுமா?"

பக்கத்துப் புதரில் தவிட்டுக்குருவிகள் இருந்தன. கூட்டமாகவே திரியும் குருவிகள் அவை. ஒன்று பேச ஆரம்பித்தால் மற்றவை சும்மா இருக்காது.

"தரையில காலே வைக்காத மகாராணி களையெடுக்கப் போறாங்களாம்."

"கை அழுக்காயிடுமே?"

"அதுக்கென்ன, வேற கை வாங்கிக்குவாங்க."

மந்தி மரத்தை விட்டு இறங்கியது.

ஓடைக்கரை வளையில் முள்ளம்பன்றி குடியிருந்தது. சத்தம் கேட்டு அது தலையை நீட்டியது.

"கையால புடுங்கற வேலையா இது? மழை விழட்டும். மண்ணு இளகினா நான் வேரோட தோண்டித் தர்றேன். மேல ஒடிச்சா அடியில திரும்பவும் துளிர்க்கும்."

"மழைக்குள்ள குட்டி பொறந்துடும் மாமா."

"பொறக்கட்டுமே. பால்குடிக்குத் தண்ணி எதுக்கு? கொஞ்ச நாள் தாய் மட்டும் வந்து போகட்டும்."

"ஒரு கன்னுகூட இருக்காதுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னதை மாத்திச் சொல்லேன்."

"அந்தக் குருவிங்க முன்னாடியா?"

முள்ளம்பன்றி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மந்தி அன்று முழுவதும் கன்றுகளைப் பிடுங்கியது. வேரோடு வந்தவை சில, பாதியில் ஒடிந்தவை பல. பால் கையெல்லாம் வழிந்தது. மிதித்ததில் காலிலும் ஒட்டியது. சாயங்காலம் அது இரண்டு கைகளையும் விரித்துக் குருவிகளிடம் காட்டியது.

"நல்லா பாத்துக்கோங்க. என்னமோ ஆகும்னீங்க."

மறுநாள் காலையில் மந்தியால் கிளையைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வீங்கிக் கறுத்திருந்தன. அது ஓடையில் மணலைப் போட்டுத் தேய்த்தது. சேற்றைப் பூசிக் காயவைத்துக் கழுவியது. தோல் உரிந்தது. கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"மருதாணி நல்லா பிடிச்சிருக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"மாப்பிள்ளையும் சேங்கொட்டைதானாம்."

அரிப்பைக்கூட மந்தி பொறுத்துக்கொண்டிருக்கும். குருவிகளின் இந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. பிடுங்கிப் போட்ட கன்றுகள் தடத்தின் நடுவில் பெரிய குவியலாகக் கிடந்தன. அவற்றை இனிமேல் தொட்டு அப்புறப்படுத்தவும் முடியாது. அந்தக் குவியலே இருந்த இடம் தெரியாமல் போக வேண்டும் என்று மந்தி நினைத்தது. மலையுச்சியில் மூங்கில்கள் ஒன்றோடு ஒன்று உரசி அப்போது நெருப்புப் பற்றியிருந்தது. மந்தி போய், தணல் பிடித்த ஒரு மூங்கில் துண்டை முழங்கை இடுக்கில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தது.

முள்ளம்பன்றி வழியில் நின்றது.

"எரிக்கவா போறே? கையில பட்டதுக்கே இந்தப் பாடு. புகையில கலந்தா அது எங்க போகும்?"

"மேல போகும். புகை வேற எங்க போகும்?"

"எனக்கும் தெரியாது. அதனாலதான் கேக்கறேன்."

மந்தி ஒதுங்கி நடந்து, தணலைக் குவியலின் அடியில் வைத்தது.

கன்றுகள் பச்சை. அவை எரியவில்லை, புகைந்தன. மந்தி குனிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஊதியது. புகை மஞ்சளாகத் திரண்டு முகத்தில் அடித்தது. மந்தி இருமியது, மறுபடியும் ஊதியது. வெயில் ஏறியதும் ஓடைக் காற்று சரிவில் மேல்நோக்கி வீசத் தொடங்கும். அன்றும் வீசியது. புகை தரையை விட்டு எழும்பாமல் புல்லோடு புல்லாகச் சரிவில் ஏறியது.

சரிவின் மேலே ஒரு பள்ளத்தில் புள்ளிமான் படுத்திருந்தது. குட்டி பிறந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் அதற்குக் கால் ஊன்றவில்லை. புகை வந்தபோது தாய்மான் ஓடியிருக்கலாம். அது ஓடவில்லை. குட்டியின் முகத்தைத் தன் வயிற்றுக்கு அடியில் தள்ளி மூடிக்கொண்டு, புகை தீரும்வரை அசையாமல் கிடந்தது.

மறுநாள் மந்தியின் முகம் கையைப் போலவே கறுத்துவிட்டது. இறுக மூடியிருந்ததால் கண்கள் தப்பின. குருவிகள் வந்தன. அதன் முகத்தைப் பார்த்தும் அவை சிரிக்கவில்லை.

"மானுக்குக் கண் திறக்கல."

"ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. படுத்த இடத்திலேயே கெடக்கு."

"ஓடைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருக்கு."

மந்தி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வீங்கிய கைகளால் மரத்துக்கு மரம் தொற்றிப் போய், பள்ளத்தின் மேல் கவிந்திருந்த மரத்தில் உட்கார்ந்தது. கிளை அசைந்ததும் மான் காதுகளை நிமிர்த்தியது.

"யாரு?"

"நான்தான்." மந்தியின் குரல் கரகரத்தது.

"எரிஞ்சது உன் தோப்பிலயா?"

"ஆமா. நான்தான் எரிச்சேன்."

மான் மூக்கால் குட்டியைத் தடவிப் பார்த்தது.

"குட்டியை நக்கிப் பாத்தேன்," என்றது பிறகு. "உடம்பு சூடா இருக்கு, பாலும் குடிக்குது. அதோட கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல."

மந்தி எட்டிப் பார்த்தது.

"திறந்திருக்கு. உன்னைத்தான் பாக்குது."

"சரி," என்றது மான்.

மேயப் போக மானுக்குக் கண் இல்லை. மேயாவிட்டால் பால் ஊறாது. மந்தி இளந்தழையை வாயால் ஒடித்துக் கீழே போட்டது. தானும் தின்றாக வேண்டும். அதனால் ஒவ்வொரு கொத்திலும் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் போட்டது.

தழை போதும், தண்ணீருக்கு என்ன செய்வது? வெயில் முற்றிய ஒரு பகலில் மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு எழுந்தது.

"நீ மரத்து மேல முன்னால போ அக்கா. நான் உன் குரலைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

"சிறுத்தை வந்தா?"

"சொல்லு."

"எந்தப் பக்கம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அது பாஞ்சுடும்."

"அப்படின்னா சொல்லாதே. அது இருக்கற பக்கத்துக் கிளைக்குப் போய்க் கத்து. நான் புரிஞ்சுக்கறேன்."

மந்தி குரல் கொடுத்துக்கொண்டே தாவியது. மான் தடுமாறித் தடுமாறிப் பின்னால் நடந்தது. சாம்பல் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஓடையில் வாயை வைத்தது.

எதிர்க்கரைப் பாறையின் மேல் புல் லேசாக விலகியது. சிறுத்தை வயிறு தரையில் பட ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

மந்தி அந்தப் பக்கம் நீண்டிருந்த கிளையின் நுனிக்குத் தாவிக் கத்த வாயைத் திறந்தது. புகையில் வெந்த தொண்டையிலிருந்து சொல் எதுவும் வரவில்லை. கரடுமுரடான ஓர் இருமல்தான் வந்தது. மந்தி மறுபடியும் இருமியது.

மான் தலையை உயர்த்தியது. ஓடவில்லை. இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, காதுகளை முன்னால் நீட்டி நின்றது.

சிறுத்தை அப்படியே உறைந்தது. மரத்திலிருந்து மந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து மானும் அதையே பார்ப்பதுபோல நின்றது. மானின் கண்கள் மூடியிருப்பது அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. தன்னைப் பார்த்துவிட்ட இரையின் மேல் சிறுத்தை பாய்வதில்லை. பாய்ந்தாலும் பலன் இருக்காது. அது எழுந்து, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, இந்தப் பக்கம் வேலையே இல்லை என்பதுபோல நடந்து போய்விட்டது.

"போயிடுச்சா?"

மந்தி குரலைத் தேடிப் பிடித்துச் சொன்னது. "போயிடுச்சு. குடி."

மழைக்காலம் வந்தது. ஒடிந்த கன்றுகள் முள்ளம்பன்றி சொன்னபடியே அடியில் துளிர்த்திருந்தன. மண் இளகியதும் அது ஒவ்வொன்றாக வேரோடு தோண்டி, தடத்துக்கு அப்பால் மூக்கால் தள்ளியது. மக்கும்வரை அவற்றை யாரும் தொடவில்லை. தடம் மறுபடியும் தெரிந்தது. மானின் வீக்கம் வடிந்து கண்ணும் திறந்தது. அது முதலில் குட்டியைத்தான் பார்த்தது, வெகுநேரம். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தது. அங்கே கறுத்த முகத்தோடு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யாரு நீ?"

மந்தி இருமியது.

"ஓ, அக்காவா," என்றது மான்.

மந்தியின் கறுப்பு மட்டும் போகவில்லை. சேங்கொட்டைப் பால் இட்ட கறை எந்த மழைக்கும் போவதில்லை.

மறுநாள் காலையில் மான் குட்டியோடு வந்து அதே மரத்தடியில் நின்றது. மந்தி ஒரு கொத்தை ஒடித்துப் பாதி தின்றுவிட்டு மீதியைப் போட்டது. குருவிகளுக்கு இது விளங்கவில்லை.

"கண்ணுதான் சரியாயிடுச்சே. இன்னும் எதுக்கு அங்க நிக்கறே?"

"கண்ணு சரியாயிடுச்சு," என்றது மான், தழையை மென்றுகொண்டே. "ஆனா இங்கிருந்து பாத்தா எனக்குப் புல்லுதான் தெரியுது. புல்லுக்குப் பின்னால இருக்கறது அக்காவுக்குத்தான் தெரியும்."

மந்தியின் முகமும் கைகால்களும் கரி பூசியதுபோல இருப்பது அன்று தொடங்கியதுதான். அது உட்கார்ந்திருக்கும் மரத்தடியில் புள்ளிமான்கள் கூடி மேய்வதும், அது பாதி தின்ற தழையைக் கீழே போடுவதும் அன்று முதல்தான். சிறுத்தையைக் கண்டால் மந்தி கரகரவென்று இருமுகிறது; அதைக் கேட்ட மான் உடனே ஓடிவிடுவதில்லை, இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, காதை முன்னால் நீட்டி, அசையாமல் நிற்கிறது.