கோலமாவில் கட்டிய ஒன்பது வீடு

எங்கள் கொட்டாங்காட்டுக்காரர்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். எங்களைக் கெடுத்ததே அதுதான்.

மக்கள்தொகைக் கணக்கை வைத்து, எந்தக் குடும்பம் நொடித்துப்போகும் ஆபத்தில் இருக்கிறது என்று மார்க் போட்டு அனுப்பச் சொல்லித் தாலுகாவிலிருந்து படிவம் வந்தது. அதிக மார்க் வாங்கும் வீட்டுக்குக் கூரைத் தகரம் இலவசம். சன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு இருப்பது ஒரே அறை, அதில் ஒன்பது பேர், கூரையில் ஓலையைவிட ஓட்டை அதிகம். மழைக்கோ பத்து நாள்தான் இருந்தது.

படிவத்தோடு தலைவர் உடையப்பன் வந்தார்.

“ஒரு அறையில மூணு பேருக்கு மேல இருந்தா ஆபத்து, அஞ்சு மார்க்,” என்று வாசித்தவர் பதறிப்போனார். “ஏப்பா சன்னாசி, ஆபத்துன்னு தெரிஞ்சப்புறம் உங்கள இப்படியே விட்டுட்டுப் போனா நான் மனுசனா?”

உடனே கோலமாவு வாங்கிவந்து, தரையில் கோடு போட்டு, அறையை ஒன்பது அறையாக்கினார். ஆளுக்கு ஒன்று. ஆபத்து நீங்கியது, அஞ்சு மார்க்கும் போனது. சன்னாசி அழுதேவிட்டான்.

தலைவர் அடுத்த வரியை வாசித்தார். “தனியா வசிக்கிறவங்களுக்கு ஆளுக்குப் பத்து மார்க்.”

“அப்ப தொண்ணூறா!” என்று சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தகரம் வரும்வரை கோட்டைத் தாண்டக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுப்பு சன்னாசியின் மனைவி பேச்சியின் பங்கில் போய்விட்டது. மத்தியானம் பசி தாங்காமல் சன்னாசி கோட்டருகே நின்று கனைத்தான்.

“பேச்சி, உள்ள வரலாமா?”

“தனியா இருக்குற பொம்பள வீட்டுக்கு ஆம்பள வரலாமாய்யா? ஊரு என்ன பேசும்?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் பட்டினி கிடந்தான்.

ஆனால் தகரத்தை முந்திக்கொண்டு நாலாம் நாளே மழை வந்தது. ஓட்டை வழியாகக் கொட்டிய தண்ணீரில் கோடெல்லாம் கரைந்து ஓடியது. சன்னாசி நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ, ஒம்போது வீடும் வெள்ளத்துல போச்சே!”

ஊரே திரண்டு வந்து துக்கம் விசாரித்தது. நனைந்துகொண்டே யோசித்து, தாலுகாவுக்கு அவசர மனு எழுதினார்கள். சன்னாசிதான் முதல் கையெழுத்து.

“ஐயா, வெள்ளத்தில் ஒன்பது வீடுகளும் அழிந்துவிட்டன. தெய்வாதீனமாகக் கூரை மட்டும் தப்பியது. ஆகவே தகரம் வேண்டாம். வீடு கட்ட ஒன்பது படி கோலமாவு அனுப்பவும்.”