உப்பில்லாக் கஞ்சி

ஆள் வருவதற்கு முன்னால் இருமல் வந்து சேர்ந்தது.

தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமுவதுபோல ஒரு இருமல். பயிற்சி அறையில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி மடித்துக்கொண்டிருந்த எபனேசருக்கு, நிமிர்ந்து பார்க்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது.

சுடலைமுத்து. மறுபடியும்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டிப் போனது. பெரியவரின் கால்கள் இரண்டும் வீங்கி, வாழைத்தண்டு மாதிரி மினுங்கின.

எபனேசர் துணியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இதுல என் தப்பு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

ரஹ்மத் டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். நாள்பட்ட நோயோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிற வயதானவர்களை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று நர்ஸுகளுக்குச் சொல்லித்தர வந்தவர். எபனேசரோ ஐ.சி.யு.விலேயே தலை நரைத்து, இப்போது அவரிடம் பயிற்சிக்கு வந்திருக்கிற ஆண் நர்ஸ்.

"என்ன சொல்லி அனுப்புனீங்க பிரதர்?"

"எல்லாந்தான் சொன்னேன். இதயம் வீக்கா இருக்கு, உப்பு உங்களுக்கு விஷம்னேன். மகளையும் பக்கத்துல நிக்க வச்சுத்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"வேற?"

"சரி சரின்னார்."

டீச்சர் சிரிக்கவில்லை. எபனேசரே தொடர்ந்தார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் செத்துப்போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் ஐ.சி.யு.வுக்கே போயிருதேன் டீச்சர். நான் சொல்றத அங்க மெஷினாவது கேக்கும்."

"போகலாம். அவர் முதல்ல வீட்டுக்குப் போகட்டும்."

சுடலைமுத்து தேறினார். வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டீச்சர் எபனேசரைக் கூப்பிட்டார்.

"கூடப் போங்க. வாசலோட நிக்காதீங்க, அடுப்படி வரைக்கும் போங்க. ஆனா சொல்லிக்குடுக்கப் போகாதீங்க. கத்துக்கிட்டு வாங்க."

"அவர்கிட்ட நான் என்ன கத்துக்க?"

டீச்சர் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். ஒரு துண்டு கிழித்து எபனேசரின் மணிக்கட்டில் ஒட்டினார்.

"எனக்குக் காயம் ஒண்ணும் இல்லியே."

"வாயில ஒட்ட வேண்டியது. வயசுக்கு மரியாதை குடுத்துக் கையில ஒட்டிருக்கேன்."

ஆட்டோவில் சுடலைமுத்து வழிநெடுக ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டே வந்தார். வேலைக்காலம் முழுக்க அரசு பஸ் ஓட்டியவர்.

"கியர மாத்துலே. சொத்தயா பேர் மாத்தி எழுதுத, இவ்ளோ யோசிக்க?"

வீட்டில் மகள் இசக்கி கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதுலேருந்து அப்பா கஞ்சியில ஒரு கல்லு உப்பு போட்டதில்ல. நம்பிக்கை இல்லன்னா குடிச்சுப் பாருங்க."

எபனேசர் ஒரு வாய் குடித்தார். சுண்ணாம்புச் சுவரை நக்கியதுபோல இருந்தது. தொண்டையில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"இத எப்படிய்யா தினமும் குடிக்கீங்க?"

சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் தன்னிடம் ஒரு விஷயம் கேட்கிறாரே என்று.

"அதுக்கு ஒரு வழி இருக்கு தம்பி. ஏட்டி இசக்கி, அந்தத் தட்ட எடு."

தட்டில் சுட்ட சாளைக் கருவாடு. மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"இத ஒரு கடி, கஞ்சி ஒரு மடக்கு. ஓடிரும்."

"பாவம், உப்பத்தான் நிறுத்தியாச்சு. வாய்க்கு இதாவது இருக்கட்டும்னு நாந்தான் அண்ணாச்சி குடுக்கேன்" என்றாள் இசக்கி. அந்தக் குரலில் பாசத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

திட்டுவதற்கு எபனேசர் வாயைத் திறந்தார். கையை நீட்டப் போனவருக்கு மணிக்கட்டில் இருந்த பிளாஸ்திரி கண்ணில் பட்டது.

வாயை மூடிக்கொண்டார்.

கருவாட்டில் ஒரு துணுக்கைப் பிய்த்துத் தன் நாக்கில் வைத்தார். இன்னொரு துணுக்கைப் பெரியவரிடம் நீட்டினார்.

"கஞ்சி இல்லாமச் சும்மா தின்னு பாருங்கய்யா. என்ன ருசி தெரியுது?"

"கருவாட்டு ருசிதான்." சுடலைமுத்து மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார்.

"ஏட்டி. இது பூரா உப்புல்லா."

"நான் போடலியேப்பா" என்றாள் இசக்கி. அதற்குள் அவளுக்கும் விளங்கி, கண் நிறைந்துவிட்டது.

எபனேசர் கஞ்சிக் கிண்ணத்தைப் பெரியவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ இந்தக் கஞ்சி எப்படி இறங்கும்? சொல்லிக்குடுங்கய்யா. எனக்குத் தெரியல."

அது நடிப்பில்லை. எபனேசருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சுடலைமுத்து கூரையைப் பார்த்து யோசித்தார்.

"சின்ன வெங்காயம் இருக்கா? ரெண்டு உரி. மாங்கா ஒரு கீத்து வெட்டு. உப்புத் தடவாத."

கடித்தார். குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை கடித்தார்.

"ம். மேட்டுல ஏறுத மாதிரி இருக்கு. ஆனா வண்டி ஏறிரும்."

"எனக்கும் ஒரு வெங்காயம் குடுங்க" என்றார் எபனேசர்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்து முடித்தார்கள்.

டீச்சர், திரும்பி வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிளாஸ்திரியை வலிக்காமல் உரித்து எடுத்தார். ஐ.சி.யு.வுக்குப் போகிற பேச்சை எபனேசரும் எடுக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஸ்ட்ரெச்சரில் யார் யாரோ வந்தார்கள். சுடலைமுத்து வரவில்லை. வராதது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல், எபனேசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் வாசலில் நிழல் தட்டியது. சுடலைமுத்து தன் காலிலேயே நின்றார். செருப்பு காலுக்குச் சரியாக இருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டுப் போக வந்தவர், எபனேசரைத் தாண்டி நேராக டீச்சரிடம் போனார்.

"அம்மா, இந்தத் தம்பிக்கு நீங்கதான் வாத்தியாரா?"

"ஆமாய்யா."

"நல்ல புள்ள. ஆரம்பத்துல ஒண்ணும் தெரியல, சும்மா பேசிக்கிட்டே இருந்தாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கஞ்சி எப்படிக் குடிக்கணும்னு நாந்தான் பொறுமையாச் சொல்லிக்குடுத்தேன். டக்குனு புடிச்சுக்கிட்டாரு. பாஸ் போட்டுருங்க."

டீச்சர் எபனேசரைப் பார்த்தார்.

மடியில் இருந்த துணி விழ, எபனேசர் எழுந்து நின்றார். பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆமா டீச்சர். அய்யா சொல்லித்தான் தெரியும்."

சுடலைமுத்து, அதெல்லாம் பரவாயில்லை என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு டாக்டர் அறைப்பக்கம் நடந்தார்.

எபனேசர் உட்கார்ந்து, இன்னொரு காஸ் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.